கண்மாயில் கவிழ்த்த படகு

ஐப்பசி மாதம் செட்டிநாட்டில் ஓசையோடு வருவதில்லை. கடற்கரை ஊர்களுக்கு அது காற்றாய் வரும். ஆற்றங்கரை ஊர்களுக்கு வெள்ளமாய் வரும். ஆறும் கடலும் தொடாத இந்தச் செம்மண் மேட்டிலோ அது முதலில் ஒரு மௌனமாய்த்தான் வந்து இறங்கும். துலக்காத வெண்கலம்போல் வானம் மங்கிக் கிடக்கும். காற்று எங்கோ நின்று யோசிக்கும். காக்கைகள் ஓட்டின்மேல் ஓரிடத்தில் அமராமல் மாறி மாறி உட்காரும். பெண்கள் காயப்போட்ட வற்றலை வாரி உள்ளே கொண்டுபோவார்கள். வெயில் தலைகாட்டியதும் மறுபடி பரப்புவார்கள். பரப்பி முடிக்குமுன் அண்ணாந்து பார்ப்பார்கள். சன்னிதியில் திரை விலகுமுன் அடியார்கள் மூச்சடக்கி நிற்பதுபோல, கண்மாயும் ஊரணியும் காய்ந்த வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

அந்த ஆண்டு மானகிரி ஊர் முழுவதும் மழைக்குக் காத்திருந்தது. சிகப்பி ஒருத்தி மட்டும் மழை வரவேண்டும் என்றும், வந்துவிடக் கூடாது என்றும் ஒரே மூச்சில் வேண்டிக்கொண்டிருந்தாள். மழை பெய்தால் கண்மாய் நிறையும். கண்மாய் நிறைந்தால் வீட்டின் பின்கொட்டகையில் நிற்கும் படகை அதில் இறக்கிக் கவிழ்ப்பார்கள். கவிழ்ந்த படகு மிதந்தால் அவள் கணவன் மெய்யநாதன் கடலுக்குப் போவான். மிதக்காவிட்டால் போகமாட்டான். இந்த நிபந்தனையை விதித்தவளே அவள்தான்.

மெய்யநாதன் பர்மாவில் கடை வைத்திருந்தவன். அந்நாட்டுக் கடைகளெல்லாம் கைவிட்டுப் போனபிறகு ஊர் திரும்பி, இரண்டு ஐப்பசிகளை வீட்டு உள்முற்றமான வளவில் நடந்தே கழித்தான். மதராசில் சித்தப்பா ஒருவர் கடையில் கணக்குப் பார்க்க வரச்சொல்லி ஆள் வந்தது; அவன் பிடி கொடுக்கவில்லை. பிறகு ஒருநாள் தொண்டியிலிருந்து லாரியில் ஒரு படகு வந்து இறங்கியது. கூடவே அல்லாபிச்சையும் வந்து இறங்கினார். காரைக்குடிக்காரர், ரங்கூன் துறைமுகத்தில் பல ஆண்டு சுக்கான் பிடித்தவர், மெய்யநாதனைப் போலவே வெறுங்கையோடு திரும்பியவர். தொண்டிக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவே சரக்கும் ஆளும் ஏற்றுவது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். மழைவெயில் படாமல் ஆட்கள் உட்காரப் படகின்மேல் ஒரு சிறிய அறை வேண்டும். வீட்டில் கிடந்த பழைய தேக்குச் சட்டங்களைக் கொண்டு அதைக் கட்டும் வேலை இராமு ஆசாரிக்கு வந்தது.

இராமு ஆசாரி அதுவரை கட்டியவை வீடுகள். ஆகவே படகுக்கும் ஒரு வீட்டையே கட்டினார். நிலை வைத்தார், நிலையின் நெற்றியில் தாமரை செதுக்கினார், சன்னலுக்குப் பித்தளைக் கொண்டி போட்டார்.

"ஆசாரியாரே, இது போட்டா, பொண்ணு பாக்க வர்ற வீடா?" என்றார் அல்லாபிச்சை. "மேல இம்புட்டுக் கனம் ஏத்துனா ஒரு காத்துக்குத் தலைகுப்புற விழுந்துரும்ல."

"விழுந்தா நிமித்திக்கிருங்க. தாமரையில்லாத நிலைய எங்கைய்யா காலத்துல இருந்து நாங்க வச்சதில்ல."

இந்தப் பேச்சுத்தான் உள்ளே அடுப்படியில் நின்ற சிகப்பியின் காதில் விழுந்தது. தலைகுப்புற என்ற சொல் அவள் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவளுடைய அண்ணன் தேனப்பன் பர்மாவில் ஆற்றைக் கடக்கும்போது அறை வைத்த சிறு லாஞ்சிப் படகு ஒன்றில்தான் போனான். காற்றில் அது கவிழ்ந்தது. நீந்தத் தெரிந்த சிலர் வெளியே வந்தார்கள், தேனப்பனும் வந்தான். ஆனால் பற்றிக்கொள்ள லாஞ்சி இல்லை. கல்லைப் போட்டாற்போல அடிக்குப் போய்விட்டது. தப்பியவர்களில் ஒருவர் ஊருக்கு வந்து, "ஒரு சட்டம் மெதந்திருந்தாக்கூட உங்கண்ணன் பொழச்சிருப்பாக" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். அந்தச் சொல்லைச் சிகப்பி இன்னும் விழுங்கி முடிக்கவில்லை.

அன்று மாலை அவள் கணவனிடம் சொன்னாள்: "போட்டு கவுராதுன்னு நீங்க சத்தியம் பண்ணாலும் நான் கேக்கமாட்டேன். கடல்ல எதுவும் கவுரும். கவுந்தா மெதக்குமா, மெதக்காதா? அத எங்கண்ணால பாக்கணும். மெதந்தா நீங்க போகலாம். நான் ஒரு வார்த்தை பேசல. முங்குச்சுன்னா மதராசுக்குப் போகணும்."

மெய்யநாதன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "யாராச்சும் புதுப் போட்ட வேணும்னு கவுப்பாகளா?" என்றான்.

"பொண்டாட்டி வேணும்னா கவுப்பாக" என்றாள்.

அல்லாபிச்சைக்கு இந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. மறுநாளே கொட்டகைக்கு அவளை வரச்சொல்லி, படகின் இருபக்கப் பலகை இருக்கைகளைத் தூக்கிக் காட்டினார். அடியில் வரிசையாக எண்ணெய் டின்கள் இருந்தன. கழுவிக் காயவைத்து, மூடியைத் திருகி, விளிம்பில் குங்கிலியம் காய்ச்சி ஊற்றி அடைத்திருந்தார்.

"சின்ன ஆச்சி, இதுதான் சூட்சுமம். இஞ்சினு கீழ இழுக்கும். அடியில முடுக்குன இரும்பும் கீழ இழுக்கும். ஆனா இந்த டின்னு அம்புட்டும் மேல தள்ளும். போட்டு மல்லாந்தாலும் இதுக விடாது. நீங்க கவுத்துப் பாக்கச் சொன்னீக பாருங்க, அதான் சரி. தொண்டியில ஒரு பய கேக்கலை."

கூட வந்திருந்த மெய்யம்மை ஆச்சி, மெய்யநாதனின் தாய், குனிந்து ஒரு டின்னை விரலால் தட்டிப் பார்த்தாள். அது ணங்கென்றது.

"உள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல ஆச்சி. வெறும் காத்து."

"அம்புட்டும் வெறுசா?"

"வெறுசா இருந்தாத்தான் ஆச்சி சோலி நடக்கும்."

ஆச்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, படகையே சற்று நேரம் பார்த்து நின்றாள்.

அந்த வீட்டில் வெறும் பாத்திரம் வாசல் தாண்டியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிய கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அதில் ஒருபிடி அரிசியோ சர்க்கரையோ இட்டுத்தான் கொடுப்பார்கள். சிகப்பி கலியாணமாகி வந்தபோது அவள் சீராகக் கொண்டுவந்த ஒவ்வொரு பாத்திரத்திலும், ஊறுகாய்ச் சாடி முதல் வெந்நீர்த் தவலை வரை, ஏதேனும் ஒன்று நிறைந்திருந்தது. மெய்யநாதன் முதல்முறை பர்மாவுக்குக் கப்பலேறப் புறப்பட்ட நாளில் ஆச்சி நிறைபடி நெல்லை வாசலில் வைத்துத்தான் அனுப்பினாள். அவளைப் பொறுத்தவரை வெறுமை என்பது துக்க வீட்டின் சொல்.

மழை ஒரு பிற்பகலில் தொடங்கியது. பிறகு விடவேயில்லை. வளவின் நான்கு தாழ்வாரங்களிலிருந்தும் நீர் கயிறாய் இறங்கியது. அண்டா அண்டாவாய்ப் பிடித்து வைத்தார்கள். சிகப்பி வேலை ஒன்றைத் தொடங்கி மற்றொன்றை எடுத்தாள். உளுந்தை ஊறப்போட்டுவிட்டு மறந்தாள். கறிக்கு இருமுறை உப்புப் போட்டாள். மெய்யநாதன் வாசலுக்கும் கொட்டகைக்குமாய் நடந்தான். கவிழ்ப்பதற்கு நல்ல வடம் வேண்டுமென்று அல்லாபிச்சை தொண்டிக்குப் போயிருந்தார்.

மழை ஓய்ந்து வெளிவாங்கிய ஒரு காலையில், மாமியார் சுளகும் மரக்காலுமாய்க் கொட்டகைப் பக்கம் போவதையும், பிறகு மறுபடி போவதையும் சிகப்பி அடுப்படிச் சன்னல் வழியே கண்டாள். பூசைக்கு நிறைபடி வைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். அல்லாபிச்சை வடத்தோடு வந்து சேர்ந்த அன்றே கண்மாய் நிறைந்துவிட்டதென்று செய்தியும் வந்தது.

படகை மாட்டுவண்டிச் சட்டத்தில் ஏற்றிக் கண்மாய்க்குக் கொண்டுபோனார்கள். தூக்கியவர்கள் முனகினார்கள்.

"போன வாரத்துக்கு இந்த வாரம் கனத்துப் போச்சே!"

"மழையில தேக்கு ஊறியிருக்கும்" என்றார் இராமு ஆசாரி. தேக்கு அப்படி ஊறாது என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் ஒரு கேள்விக்கு ஆசாரி விடை சொல்லாமல் இருக்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

கரையில் ஊரே கூடிவிட்டது. மெய்யநாதனுக்குப் பங்காளிச் சித்தப்பா முறையான ஏகப்பச் செட்டியார் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நின்றார்.

"ஏண்டா மெய்யநாதா, கடல்ல ஓட்டுறதுக்கு முன்னால கம்மாயில முங்கப் பழகுறியா? அடுத்து என்ன, ஊரணியில திமிங்கிலம் வளக்கலாமா?"

"வளத்தா மொத சவாரி உங்களுக்குத்தான் சித்தப்பா."

"நான் ஏறுனா திமிங்கிலமே கவுந்துரும்டா" என்று அவர் தம் வயிற்றைத் தடவிக்கொண்டார். கரை சிரித்தது. சிகப்பி சிரிக்கவில்லை. தூக்குச்சட்டியில் ஆட்களுக்காகக் கொண்டுவந்த வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் அவள் கையிலேயே கனத்தன.

படகு நீரில் நின்றது. வடத்தை அறையின் மேற்சட்டத்தில் கட்டி மறுகரையில் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அல்லாபிச்சை கைலியை மடித்துக் கட்டி, படகின் விளிம்பில் ஏறி நின்றார். "கூட யாரும் வேணாம். நான் மட்டும் போதும். இழுங்கப்பா!"

இழுத்தார்கள். படகு சாய்ந்தது, தயங்கியது, தாமரை நிலை நீரைத் தொட்டது. பிறகு ஒரு பெருமூச்சுப் போன்ற ஓசையோடு முழுவதும் புரண்டது. அல்லாபிச்சை நீருக்குள் மறைந்தார். சிகப்பிக்கு அந்தக் கணத்தில் கண்மாய் மறைந்தது. பார்த்தேயிராத பர்மா ஆறு ஒன்று தெரிந்தது. அடுத்த கணம் அவர் தலை மேலே வந்தது. கவிழ்ந்த படகின் கரிய முதுகும் அருகில் மிதந்தது. அவர் அதன்மேல் தாவி ஏறி நின்று இரு கைகளையும் விரித்தார்.

"சின்ன ஆச்சி! பாத்துக்கிருங்க! மெதக்குது!"

கரை ஆர்ப்பரித்தது. சிகப்பி மூச்சுவிட்டாள். மெய்யநாதன் அவள் பக்கம் திரும்பினான்.

அவன் திரும்பியபோதே அவள் முகம் மாறுவதைக் கண்டான். அல்லாபிச்சையின் கணுக்காலைத் தண்ணீர் தொட்டிருந்தது. அவர் இன்னும் கையை விரித்தபடிதான் நின்றார். தண்ணீர் கெண்டைக்காலுக்கு ஏறியது. அவர் குனிந்து பார்த்தார்; நம்பாதவர்போல் காலை மாற்றி வைத்தார். முழங்காலுக்கு ஏறியது. சிரித்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். கீழே எங்கிருந்தோ குமிழிகள் வந்து வந்து உடைந்தன. கடைசியில் இடுப்பளவு நீரில் ஒரு மனிதர் ஒன்றுமில்லாததன்மேல் நிற்பதுபோலத் தோன்றியது. பிறகு அவரும் நீந்தத் தொடங்கினார். படகு இருந்த இடத்தில் ஒரு தென்னஞ்சிரட்டை சுற்றிக்கொண்டிருந்தது.

தான் கேட்டது தனக்குக் கிடைத்துவிட்டது என்று சிகப்பிக்குத் தெரிந்தது. கணவன் இனிப் போகமாட்டான். அந்த நிம்மதியைத் தேடி உள்ளுக்குள் கைவிட்டுத் துழாவினாள், கிடைக்கவில்லை. மெய்யநாதனின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"சரி, மதராசுக்கு ரயிலுதான்" என்றார் ஏகப்பச் செட்டியார். இம்முறை அவர் குரலில் கேலி இல்லை.

அல்லாபிச்சை கரையேறவில்லை. "இல்ல... இது நடக்காது. நடக்கவே நடக்காது" என்று தமக்குள் சொல்லிக்கொண்டே மறுபடி மூழ்கினார். வந்தார், மூழ்கினார். மூன்றாம் முறை ஒரு டின்னைக் கட்டித் தழுவிக்கொண்டு மேலே வந்தார். அதைக் கரையில் வைத்து மூடியைத் திருகினார். மூடிக்கு அடியில் மஞ்சள் தோய்த்த துணி ஒன்று மடித்து வைத்திருந்தது. டின்னைச் சாய்த்தார். தண்ணீரும், தண்ணீரோடு நெல்லும் கொட்டின.

"நெல்லு" என்றார் இராமு ஆசாரி.

"நெல்லுதான்" என்றார் அல்லாபிச்சை. "குங்கிலியத்தப் பேத்து, நெல்ல அடைச்சு, துணியச் சொருகி மூடியிருக்கு. தண்ணி உள்ள போகாம என்ன செய்யும்? கனம் கனம்னாகளே... நான் ஒரு தட்டுத் தட்டிப் பாத்திருக்கணும்."

சிகப்பிக்குச் சுளகும் மரக்காலும் நினைவுக்கு வந்தன. அவள் திரும்புமுன் மெய்யம்மை ஆச்சியே முன்னால் வந்துவிட்டாள்.

"நாந்தான் போட்டேன்."

"ஆத்தா!" என்றான் மெய்யநாதன்.

"பின்ன? வெறும் டின்ன வரிசையா அடுக்கிக்கிட்டு எம்மகன் கடலுக்குப் போறதப் பாத்துக்கிட்டு இருப்பனா? ஒரு கிண்ணத்தக் கூட நம்ம வீட்டுல வெறுசா வெளிய விட்டதில்ல. கோயிலுக்கு அளந்து வச்ச நெல்லுடா அது. ஒவ்வொண்ணுக்கும் மஞ்சத்துணி கட்டி..." அவள் பேச்சு நின்றது. கொட்டிக் கிடந்த நெல்லையும், படகு இல்லாத நீரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் செய்தது என்னவென்று அப்போதுதான் அவளுக்கு முழுவதும் விளங்கிற்று. "கடல்ல இருந்திருந்தா?" என்றாள் மெதுவாக. "மெய்யநாதா, கடல்ல இருந்திருந்தா?"

அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டாள். "வேணாம்ப்பா. நீ போக வேணாம். எங்கையாலேயே கொல்லப் பாத்தேன். இதுக்கு மேல ஒரு சகுனம் என்ன வேணும்? அவ சொன்னாப்புல மதராசுக்குப் போயிரு."

"ஆச்சி சொல்றது சரி" என்றார் ஏகப்பச் செட்டியார். "தெய்வம் தடுக்குது. விட்டுரு."

மெய்யநாதன் டின்னின் மூடியை எடுத்து விரலால் சுழற்றினான். அவன் விட்டுவிடப் போகிறான் என்பது சிகப்பிக்கு அந்த விரல்களிலேயே தெரிந்தது. மதராசுக்குப் போவான். நல்ல கணக்கப்பிள்ளையாய் இருப்பான். ஒவ்வொரு ஐப்பசியிலும் இப்படி எதையாவது விரலால் சுழற்றிக்கொண்டு இருப்பான்.

"நான் இன்னும் பாக்கலையே" என்றாள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"வெறும் டின்னு வச்சாப் போட்டு மெதக்குமான்னுதான் நான் கேட்டேன். நெல்லு வச்சா மெதக்குமான்னு கேக்கல. இப்ப முங்குனது அயித்தை நெல்லு. அந்தப் போட்டு இன்னும் கவுரல. எடுத்து, காயவச்சு, இன்னொரு வாட்டி கவுத்துங்க."

"நீதானம்மா வேணாம்னு மல்லுக்கு நின்ன?" என்றார் ஏகப்பர்.

"வேணாம்னு சொல்லல மாமா. பாக்கணும்னு சொன்னேன்." தூக்குச்சட்டியை இறக்கி மூடியைத் திறந்தாள். "ஆறிப் போச்சு. சாப்பிட்டுட்டு இழுங்க. மாடு கொண்டாரச் சொல்லணும்."

உழவு மாடுகளைப் பூட்டிச் சங்கிலி போட்டுப் படகை இழுத்தார்கள். இருட்டுமுன் அது சேறு வழியக் கரைக்கு வந்தது. ஊறிய நெல் வீணாகவில்லை. கண்மாயடி வயல்காரர் மூட்டையாய்க் கட்டிக்கொண்டு போனார். அடுத்த சில நாளில் அது முளைவிட்டு நாற்றங்காலில் விழுந்தது.

இரண்டாம் முறை ஆச்சி கண்மாய்க்கு வரவில்லை. சாமி அறையில் உட்கார்ந்துவிட்டாள். டின்களைக் கழுவி, அடுப்பு அனலில் காட்டி, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து அல்லாபிச்சையே அடைத்தார். தூறலோடு படகு கவிழ்ந்தது. கரிய முதுகு மேலே வந்தது. அவர் ஏறி நின்றார். இம்முறை கையை விரிக்கவில்லை; குனிந்து தம் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். ஊரும் அவர் காலைத்தான் பார்த்தது.

வெகுநேரம் ஆயிற்று. அவர் கால் நனையவில்லை.

"சின்ன ஆச்சி," என்று கூவினார், "ஒக்காரட்டுமா? கால் கடுக்குது."

"ஒக்காருங்க. ஆனா எறங்காதீக."

"வெத்தலை கெடைக்குமா?"

"மொதல்ல மெதங்க. அப்புறம் வெத்தலை."

கரை முழுதும் சிரித்தது. மெய்யநாதன் நீந்திப்போய் அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். படகு சற்று அமிழ்ந்து, மறுபடி நிலைகொண்டது. ஏகப்பச் செட்டியார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஒரு கண் உறங்கி, குடையோடு திரும்பி வந்தார். இருவரும் அங்கேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "அட, இன்னும் முங்கலையா?" என்றார் ஏமாந்தவர்போல. சிகப்பி கரையில் ஈரத்தோடு நின்று, பொழுது சாயும்வரை அந்தக் கரிய முதுகைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பற்றிக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவ்வளவுதான் அவள் கேட்டது. அண்ணனின் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து விடியலில் படகைத் தொண்டிக்கு ஏற்றிப்போக லாரி வருவதாயிருந்தது. அதற்கு முந்தின நாள் பிற்பகலில் டின்களை வளவுக்குக் கொண்டுவந்து மூடி திறந்து வைத்தார்கள். உள்ளே கைவிட்டுப் பார்த்த அல்லாபிச்சை, "ஒரு பொட்டு ஈரமில்ல" என்றார். குங்கிலியம் அடுப்பில் இளகிக்கொண்டிருந்தது. இனி அடைத்தால் கடலுக்குத்தான்.

அப்போது மெய்யம்மை ஆச்சி சாமி அறையிலிருந்து வெளியே வந்தாள். எல்லோருடைய கண்களும் முதலில் அவள் கைகளைத்தான் பார்த்தன. கைகளில் ஒன்றுமில்லை.

"பயப்படாதீக" என்றாள். "நெல்லு போடமாட்டேன்."

முதல் டின்னின் முன் மெல்ல உட்கார்ந்தாள். அதன் வாயில் தன் வாயை வைத்து, மந்திரம் உபதேசிப்பவள்போல, "சிவசிவ" என்றாள். வெறும் டின் அந்தப் பெயரை வாங்கி உள்ளே ஒருமுறை சுழற்றி முனகியது. அது அடங்குமுன் மூடியை வைத்துத் திருகினாள். அடுத்ததற்கு நகர்ந்தாள். மறுபடி அந்தப் பெயர். மறுபடி அந்த முனகல். சிகப்பி பின்னாலேயே போய், ஒவ்வொரு மூடியையும் ஒருமுறை இறுக்கி அல்லாபிச்சையிடம் நகர்த்தினாள். அவர் விளிம்பில் குங்கிலியம் ஊற்றினார்.

கடைசி டின்னின் முன் வந்ததும் ஆச்சி நின்றாள். அதை அவர் பக்கம் தள்ளினாள்.

"இது உனக்கு. நீயும்தான அதுல போற? உன் சாமி பேர நீ சொல்லு, தம்பி."

அல்லாபிச்சை கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். தலையில் துண்டைப் போட்டுக் குனிந்து, டின்னின் வாய்க்குள், யாருக்கும் கேளாத குரலில், "பிஸ்மில்லா" என்றார். மூடியைத் தாமே திருகி, குங்கிலியத்தை ஊற்றி, அது இறுகும்வரை உள்ளங்கையை அதன்மேல் வைத்திருந்தார்.

ஆச்சி எழுந்தாள். மகன் நெற்றியில் நீறு பூசினாள். சிகப்பியின் தலையில் ஒரு கையும், அல்லாபிச்சையின் துண்டுபோட்ட தலைக்கு நேரே ஒரு கையுமாய் நின்றாள்.

"நெறஞ்சு போங்க. நெறஞ்சு வாங்க. எந்தத் தண்ணியில கவுந்தாலும் அது உங்கள மேலேயே வச்சுக்கிரட்டும். நல்லா இருங்க."